கூடவே எழுதும் கை

றாஹிலா வலக்கையால் எழுதினால் இடக்கையும் எழுதும்.

இடக்கையில் பென்சில் இருக்காது. அதைப் பற்றி அந்தக் கை கவலைப்படுவதுமில்லை. வலக்கை மேசையில் ‘அ’ போட்டால், இடக்கை மடியில் கண்ணாடிக்குள் தெரிவது போன்ற இடவலம் மாறிய ‘அ’ ஒன்றைப் போடும். வலக்கை சோறு பிசைந்தால் இடக்கை பாவாடையைப் பிசையும். வலக்கை தலை சீவினால் இடக்கை காற்றைச் சீவும். வலக்கை நிறுத்தினால் உடனே நிறுத்திவிடும். அந்த அளவுக்கு ஒழுங்கான கை.

இது 1981ஆம் ஆண்டு. றாஹிலாவுக்குப் பத்து வயது. கல்முனையில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அவள் வகுப்பில் இதைவிட விசித்திரமான பழக்கங்கள் இருந்தன. பக்கத்தில் இருந்த மசூர் கொப்பித் தாள்களின் மூலைகளைத் தின்பான். ஆனால் கொப்பியைத் தின்பவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

றாஹிலாவை இரண்டாம் தவணைப் பரீட்சையில் சந்தேகித்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர், அவளுடைய இடக்கை வாங்குப் பலகைக்குக் கீழே மசூர் பக்கமாக ஆடுவதைக் கண்டார். கைச்சாடையில் விடை சொல்கிறாள் என்று முடிவு செய்து, இரண்டு பேரையும் பள்ளிக்கூட அதிபரிடம் கொண்டுபோனார்.

அதிபர் காலிதீன் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். றாஹிலாவுக்கு எண்பத்தெட்டுப் புள்ளி. மசூருக்கு இருபத்தொன்று. சாடை பார்த்தும் இருபத்தொன்று எடுத்திருந்தால் அதற்குத் தனித் திறமை வேண்டும். வழக்கு அத்தோடு தள்ளுபடியானது.

ஆனால் அடுத்து வரப்போவது புலமைப்பரிசில் பரீட்சை. அதற்கு மேற்பார்வையாளர் வேறு ஊரிலிருந்து வருவார். அவருக்கு றாஹிலாவையும் தெரியாது, மசூரையும் தெரியாது.

அதிபர் உம்மாவையும் வாப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார். மண்டபத்தில் யாராவது களவு என்று எழுதிவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பெயர். இது பிறவியிலேயே உள்ள கை என்று, பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் றாஹிலாவின் பெயரை அனுப்ப மாட்டார்.

றாஹிலாவுக்கு அந்தப் பரீட்சை கட்டாயம் வேண்டியிருந்தது. தேறினால் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். அங்கே நூலகம் ஒரு முழு அறை என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் நூலகம் என்பது ஓர் அலுமாரி. அதன் பூட்டுத் திறப்பு தொலைந்து இரண்டு வருடமாகிறது.

பொறுப்பான ஒருவர் என்றதும் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தார். உம்மாவின் மூத்த காக்கா, றாஹிலாவின் பெரிய மாமா.

அவருடைய வீட்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘அல்ஹாஜ் மீராசா, அகில இலங்கைச் சமாதான நீதவான், குடி மரைக்காயர்’ என்று தொடங்கி, அவர் எந்தெந்தச் சங்கங்களுக்கு உப தலைவராக இருந்தார், எந்தெந்தச் சங்கங்களுக்கு உப தலைவராக இருந்து விலகினார் என்பது வரை அதில் எழுதியிருந்தது. பலகை முதலில் கேற்றில் தொங்கியது. பட்டங்கள் கூடியதால் கேற் போதவில்லை. இப்போது மதிலில் இருந்தது.

ஊரில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டுமென்றாலும் மீராசா ஹாஜியாரிடம்தான் போக வேண்டும். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைப்பார். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கோட்டு இல்லாமல் ஒரு கையெழுத்தும் இல்லை.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழிக் குலம்; பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தது. வாப்பா எந்த ஊராக இருந்தாலும் பள்ளிவாசலில் பெயர் எழுதுவது உம்மாவின் குடியில்தான். இந்த வழக்கத்தை ஹாஜியார் இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தார். றாஹிலாவின் கணக்கு, மூக்கு, நினைவாற்றல் எல்லாம் உம்மாவின் குடியிலிருந்து வந்தவை. அவளுக்குச் சளி பிடித்தால் மட்டும் அது வாப்பாவின் ஊரான பொத்துவிலிலிருந்து வந்தது.

கையின் கதையைக் கேட்டதும் அவர் வாப்பாவைப் பார்த்தார்.

“எங்கட குடியில ஏழு தலைமுறையா இப்பிடி ஒரு கை இல்ல. பொத்துவில்ல விசாரிச்சுப் பாருங்க, ஆதம்பாவா.”

வாப்பா இருந்ததே உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில். சீதன வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை மச்சானோடு வாதாடுவதில்லை.

பிறவியில் வந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் குடிக்கே இழுக்கு என்றார் ஹாஜியார். இது கெட்ட பழக்கம். பழக்கத்தைக் கட்டினால் நின்றுவிடும். அதையே ஒரு கடதாசியில் எழுதியும் கொடுத்தார்: இடக்கையைப் பதினான்கு நாள் கட்டி வைக்கவும்.

கட்டி வைத்தார்கள். வாப்பாவின் பழைய சாரனைக் கிழித்து, வகுப்பில் இடக்கையை வாங்கோடு சேர்த்துக் கட்டினார் ஆசிரியர். றாஹிலா எழுதத் தொடங்கினாள். கட்டிய கையும் எழுதத் தொடங்கியது. வாங்கு ஆடியது.

மூன்றாம் நாள் மசூர் எழுந்து நின்றான்.

“சேர், அவள்ர கைய அவிழ்த்து விடுங்க. என்ட எழுத்தெல்லாம் கோணலாப் போகுது.”

அவனுடைய எழுத்து முன்பும் கோணல்தான். இருந்தாலும் அதைச் சொல்லும் தைரியம் வகுப்பில் அவனுக்குத்தான் வந்தது. ஆசிரியர் கட்டை அவிழ்த்தார். றாஹிலாவின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது.

அந்த வளையத்தைப் பார்த்த வாப்பா அடுத்த நாள் வயலுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டொக்டர் குணம் தம்பிலுவில்காரர். இளம் ஆள். றாஹிலாவை எழுதச் சொன்னார், விரல்களைத் தொடச் சொன்னார், பந்து பிடிக்கச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து இருந்தார். இப்படி ஒன்று புத்தகத்தில் படித்திருக்கிறாராம். பார்ப்பது இதுதான் முதல் தடவையாம்.

“கடிதம் தாறன். ஆனா எனக்கு இன்னொரு ஆள் வேணும். இது குடும்பத்தில வாறது. உங்கட சொந்தக்காரர்ல இன்னொருத்தருக்கும் இருந்தாப் பிறவியில வந்ததெண்டு துணிஞ்சு எழுதலாம். நீ ஒராள் மட்டுமெண்டா கொழும்புக்கு அனுப்பித்தான் பாக்கணும்.”

கொழும்புக்குப் போய்ப் பதில் வர மூன்று மாதமாகும். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

றாஹிலா தேடத் தொடங்கினாள்.

முதலில் வாப்பா. வலக்கையை மூடித் திறக்கச் சொன்னாள். இடக்கை பூனை மாதிரித் தூங்கியது. பிறகு உம்மா. உம்மாவின் இடக்கையும் அசையவில்லை. பொத்துவிலிலிருந்து வாப்பாவின் தம்பி றவூப் கருவாட்டோடு வந்தார். அவருடைய இடக்கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்து, வலக்கையால் பெயர் எழுதச் சொன்னாள். ஒரு துளியும் சிந்தவில்லை. பொத்துவில் குற்றமற்றது என்று அவள் குறித்துக்கொண்டாள்.

ஐந்து நாள் இதிலேயே போனது. அதிபர் ஒரு தடவை வகுப்புக்கு வந்து, “கடிதம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் உம்மா ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னாள்.

ஹாஜியாரின் விறாந்தையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். றாஹிலா வாங்கின் நுனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஒவ்வொரு கடதாசியாக வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, கையெழுத்து வைத்தார். கையெழுத்து நீளமானது. அதில் அல்ஹாஜும் இருந்தது.

அவருடைய இடக்கையைக் காணவில்லை.

அது அவருடைய தொடைக்கும் கதிரைக்கும் நடுவில் இருந்தது. அவர் அதன்மேல் இருந்தார். ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வரும் இடைவெளியில் அது வெளியே வந்து மூச்சு வாங்கியது. பேனையைத் தொட்டதும் மீண்டும் உள்ளே போனது.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. றாஹிலாவுக்குத் தெரிந்தது. அப்படிக் கையின்மேல் இருப்பது அவளுடைய இருப்பு. இரண்டாம் வகுப்பில் அதைக் கண்டுபிடித்தவளே தான்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

அவள் எழுந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். விறாந்தையில் இருந்த ஆறேழு பேரும் சந்தைக்குப் போவதற்குள் கதை சந்தைக்குப் போயிருக்கும்.

அவள் கேட்கவில்லை. தன் முறை வந்தபோதும் பின்னால் வந்த ஓர் ஆளுக்கு இடம் விட்டாள். எல்லோரும் போன பிறகு பிரதியை மேசையில் வைத்தாள். மாமா பேனையை எடுத்தார். கை உள்ளே போனது.

“மாமா, கை விறைச்சுப் போகல்லையா? எனக்குப் பத்து நிமிஷத்தில விறைச்சிரும்.”

பேனை அல்ஹாஜிலேயே நின்றது.

மாமா வாசலைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கேயும் சத்தமில்லை.

“அரை மணித்தியாலம் தாங்கும்,” என்றார் மெதுவாக. “பிறகுதான் எறும்பு ஓடுற மாதிரி இருக்கும்.”

“எனக்கும் எறும்புதான்.”

“கோட்டுப் பையில போட்டா நல்லம். உனக்குக் கோட்டு இல்லியே.”

“நான் மேசைக் காலைப் பிடிப்பன்.”

“அதுவும் நல்லம்தான். மேசை பாரமா இருக்கணும்.”

இப்படிக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தொழில் ரகசியங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். பிறகு மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். எட்டு வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில், எழுதும்போது கை ஆடியதைப் பார்த்து, பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். வீட்டில் கையைக் கட்டினார்கள். இரண்டு வருடம்.

“கட்டினா நிண்டதா மாமா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு என்னத்துக்குக் கட்டச் சொன்னீங்க?”

ஊரில் எவ்வளவோ வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர் மீராசா ஹாஜியார். அவர் இப்போது றாஹிலாவின் மணிக்கட்டை எடுத்துப் பார்த்தார். வளையம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. வலக்கையால் அதைத் தடவினார். அவருடைய இடக்கை தன் தொடையைத் தடவியது.

டொக்டர் இன்னோர் ஆள் கேட்டதை அவள் சொன்னாள். மாமா தலையை ஆட்டினார். முடியாது. ஐம்பது வருடமாக ஒருவருக்கும் தெரியாது. மாமிக்கே தெரியாது.

“வராட்டிக் காரியமில்ல மாமா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

“பரீட்சை?”

றாஹிலா தோளை உயர்த்தினாள். பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உம்மா கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஏன் அல்ஹாஜோடு நின்றுவிட்டது என்று கேட்டாள். மாமாவுக்கு வேலை வந்துவிட்டது என்றாள் றாஹிலா. அது பொய்யுமில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, கோட்டுப் போட்ட மீராசா ஹாஜியார் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியைப் பார்வையிடப் போகிறாராம். வழித்துணைக்கு மருமகள் வேண்டுமாம். வாப்பாவும் விரும்பினால் வரலாமாம்.

ஆஸ்பத்திரியில் ஹாஜியாரின் பட்டங்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவருக்கு முப்பத்தேழாம் இலக்கத் துண்டு கிடைத்தது. முப்பத்தாறு ஒரு பேதிக்காரன், முப்பத்தெட்டு ஓர் அழுகிற குழந்தை. நடுவில் ஹாஜியார் கோட்டோடு இருந்தார்.

டொக்டர் குணம் அவருடைய இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். அந்தக் கை மேசைக்கு மேலே வந்து எத்தனை வருடமோ. வலக்கைப் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். வலக்கை தொட்டது. இடக்கையும் ஒன்று விடாமல் தொட்டது.

டொக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். அபூர்வமான ஒன்றைக் கண்ட டொக்டரின் சந்தோஷம் அந்த அபூர்வத்துக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஹாஜியாரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

இது நோயா என்று றாஹிலா கேட்டாள். கை பலமாக இருக்கிறது, வேலையும் செய்கிறது, கம்பி இழுத்த விதம்தான் வேறு என்றார் டொக்டர். ஒரு கடதாசியில் தலையையும் இரண்டு கைகளையும் வரைந்தார்.

“வலக்கைய ஆட்டுறது மூளையின்ட இடப்பக்கம். கட்டளை நரம்பு வழியாக் கீழ வந்து, கழுத்துக்கு மேல ஓரிடத்தில மற்றப் பக்கத்துக்குக் கடக்கும். உங்க ரெண்டு பேருக்கும் அந்த இடத்தில எல்லா நரம்பும் சரியாக் கடக்கல்லைப் போல. அதால கட்டளை ரெண்டு கைக்கும் போகுது.”

றாஹிலா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்காரனின் மகள் அவள்.

“வாய்க்கால் மாதிரியா? ரோட்டுக்குக் கீழால மற்றப் பக்க வயலுக்குப் போகவேண்டிய தண்ணி. கொஞ்சம் போகுது, கொஞ்சம் இந்தப் பக்கமே ஓடுது. ரெண்டு வயலும் நனையுது.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். தான் சொன்னதைவிட அது நல்லது என்றார்.

“அப்ப ஆர் வாய்க்கால் வெட்டினது?”

பிள்ளை உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே நரம்புகள் வழி தேடிப் போகும் என்றார் டொக்டர். எங்கே திரும்புவது, எங்கே கடப்பது என்ற குறிப்பு பரம்பரை அலகுகளில் இருக்கும். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. மூக்கின் நீளம் வருவதும் அப்படித்தான். இந்தக் கைக்கான குறிப்பில் எங்கோ ஒரு வரி மாறியிருக்கிறது. எந்த வரி என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

“ஆனா என்ட கையில ஒண்டும் இல்லையே?” உம்மா சொல்லி அனுப்பிய கேள்வியை வாப்பா உம்மாவின் குரலிலேயே கேட்டார்.

சிலரிடம் அந்த வரி இருந்தும் வெளியே தெரியாது, பிள்ளையிடம் போய்த் தெரியும் என்றார் டொக்டர். மாமாவுக்கும் மருமகளுக்கும் இருப்பதால் இது உம்மா வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

வாப்பா ஹாஜியாரைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பொத்துவிலுக்காக ஒரு வார்த்தை சொல்லியுமிருக்கலாம். அவர் சுவரில் இருந்த கொசுப் படத்தைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் கோட்டுக்குள் சின்னதாகிப் போயிருந்தார். றாஹிலா அவருடைய இடக்கையைப் பிடித்தாள்.

“அப்ப இது எங்கட குடிக் கை, என்ன மாமா?”

ஹாஜியார் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கையைப் பார்த்தார். முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

“ஊரில வேற குடிகள்ல இது இருக்கா, டொக்டர்?” என்று கேட்டார்.

தான் இதுவரை கண்டதில்லை என்றார் டொக்டர்.

“இருக்காது,” என்றார் ஹாஜியார்.

டொக்டரின் கடிதம் ஆறு வரி. ஹாஜியார் தன் பங்குக்கு இணைத்த கடிதம் இரண்டு பக்கம். மேலே குறிப்பிட்ட கை தன்னிடமும் உள்ளது என்றும், தான் அதை ஐம்பது வருடம் பேணிக் காத்து வந்ததாகவும் எழுதி, முத்திரை குத்தி, இரண்டு கையும் தெரியும்படி மேசையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில் அதிபர் காலிதீன் அதை வாசித்தார். முதல் கடிதம் போதும் என்றார். றாஹிலாவின் பெயர் பரீட்சைக்குப் போனது.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சொன்னவர் ஹாஜியார்தான். குடியில் ஒருத்தி மூன்று மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் பிள்ளைக்கும் அந்தக் கை இருக்கிறதா என்று றாஹிலாவைப் பார்க்கச் சொன்னாள். இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் இரண்டு கையையும்தான் ஆட்டும், பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்றாள் றாஹிலா. அந்தத் தாயின் முகம் வாடிப் போய்விட்டது.

பரீட்சை நாள் வந்தது. மேற்பார்வையாளர் கடிதத்தை வாசித்தார். றாஹிலாவைச் சுவரோரமாக இருத்தி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுதியது. அழித்தது. பெருக்கியது. கால் மணி நேரம் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போனார்.

றாஹிலா கையின் மேல் இருக்கவில்லை. மேசைக் காலையும் பிடிக்கவில்லை. மடியில் விட்டிருந்தாள். அன்றைக்கு எறும்பு ஓடவில்லை.

வெளியே வந்தபோது கேற்றில் வாப்பாவும், அவருக்குப் பக்கத்தில் மாமாவும் நின்றார்கள். மாமா கோட்டுப் போட்டிருக்கவில்லை.

“என்ன புள்ள, எல்லாம் எழுதினியா?”

“ரெண்டு கையும் எழுதிச்சு மாமா. வலக்கை எழுதினத மட்டும் குடுத்திட்டு வந்திட்டன்.”